பிள்ளையார் மட்டும் போய்ச் சேர்ந்த பக்கம்

என் கண்ணு,

இந்தக் கடிதத்தை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். மைசூரில் பிறந்து கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை நீ. உனக்கு வந்த தமிழெல்லாம் நம் கடையில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்து வந்ததுதான். "நிகழும் மங்களகரமான" என்பதை மளமளவென்று வாசிப்பாய், சாதாரணமாக "சௌக்கியமா" என்று எழுதியிருந்தால் தடுமாறுவாய். பரவாயில்லை, மெதுவாகவே படி. புரியாத இடத்தில் உன் பெண்டாட்டி சுமாவைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, குண்டலுபேட்டைக்காரிக்குத் தமிழ் பேசத்தான் வரும். கல்யாணத்தன்று பந்தியில் நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது என் காதோரம் வந்து, "நான்தான் ஊர்லயே இல்லையேம்மா, நீயும் சுமாவும் எப்போ இப்படி ஒட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது பதில் சொல்ல நேரமில்லை, ரசம் தீர்ந்துபோயிருந்தது. இப்போது நீங்கள் இருவரும் அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், முகூர்த்த மாதமும் முடிந்துவிட்டது, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சாவகாசமாகச் சொல்கிறேன், கேள்.

எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் ஆரம்பித்தது. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது என்று நாங்கள் இங்கே குதித்துக்கொண்டிருக்க, நீ அங்கேயிருந்து, "பத்திரிகை எல்லாம் வேணாம்மா, நான் ஒரு வெப் பேஜ் போட்டுடறேன், எல்லாரும் அதுலயே பாத்துக்கட்டும்" என்றாய். எவ்வளவு லேசாகச் சொன்னாய்! மண்டி மொஹல்லா சந்துக்குள் நானும் உன் அப்பாவும் உட்கார்ந்து, நான் எழுத்துக் கோர்க்க அவர் மெஷின் ஓட்ட, இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்திருக்கிறோம். தமிழா, கன்னடமா, உருதுவா, எது கேட்டாலும் செய்வோம். அப்படிப்பட்ட கடைக்காரன் பிள்ளையின் கல்யாணத்துக்குப் பத்திரிகை கிடையாதாம். அப்பா ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய், சுத்தமாக இருந்த ரோலரை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ தவழ்கிற காலத்திலேயே உன் கல்யாணப் பத்திரிகையை என் மனசுக்குள் கோர்த்து வைத்தவள் நான். வேறு யாருக்காவது ஒரு நல்ல பார்டர் கிடைத்தால், இதை அவனுக்கு எடுத்து வைக்கலாமே என்று தோன்றும்.

நீ ஏன் வேண்டாம் என்றாய் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. கடை பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளைக்கு இந்தத் தொழிலின் லட்சணம் தெரியாதா? "எங்க மாமா பேரை ஏன் கீழே போட்டீங்க", "சித்தப்பா படிச்ச படிப்பை ஏன் விட்டீங்க" என்று கட்டுக்கட்டாகப் பத்திரிகையைத் தூக்கி மேஜைமேல் போட்டுவிட்டுப் போனவர்களை நீ பார்த்திருக்கிறாய். போதாக்குறைக்கு இது தமிழ்ப் பையனும் கன்னடப் பெண்ணும். எந்த மொழி முதலில், எந்த வீட்டுப் பெயர் மேலே என்று ஆரம்பித்தால் முகூர்த்த நேரம் தாண்டிவிடும். "பத்திரிகை இல்லேன்னா சண்டையும் இல்லம்மா" என்றாய். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்த ஞாயிறு நீ கூப்பிட்டபோது, "அந்த வெப் பேஜோ கிப் பேஜோ, அதை நான்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டேன். நீ எப்படிச் சிரித்தாய்! "அம்மா, அதுக்கு எச்டிஎம்எல் எழுதணும்." "எழுதறேன்." "சரி, செஞ்சு அனுப்பு. ஒரு எழுத்துக்கூட மாத்தாம அப்படியே போடறேன். சரியா வரலேன்னா நானே இங்கிலீஷ்ல ரெண்டு வரி போட்டுடுவேன், கோச்சுக்கக் கூடாது." நானும் சரி என்றேன். எச்டிஎம்எல் என்பது உண்ணுகிற பண்டமா உடுத்துகிற துணியா என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சுமாவை அதற்கு முன் ஒரே முறைதான் பார்த்திருந்தேன். நீ அமெரிக்கா கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்குக் கூட்டி வந்தாய், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போனாள். சரியான உம்மணாமூஞ்சி என்று அப்பாவிடம் சொன்னேன். அவளும் என்னைப் பற்றி அதையே தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு போன் போட்டு, "உனக்கு அந்த வெப் பேஜ் எழுதத் தெரியுமா?" என்று கேட்டேன். நம் ஊர் ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். நாம் பத்திரிகை டைப் அடிக்க வாங்கிய கம்ப்யூட்டரின் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, நோட்பேடைத் திறந்தாள். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அதுதான் எங்கள் வேலை.

ஆரம்பத்தில் எனக்கு ஒரே சந்தோஷம், ஏனென்றால் அது என் தொழில் மாதிரியே இருந்தது. நடுவில் வர வேண்டுமா, சென்டர் என்று கோண அடைப்புக்குள் எழுது. தடித்த எழுத்து வேண்டுமா, பி என்று எழுது. குறுக்கே கோடு வேண்டுமா, அதற்கும் ஒன்று இருந்தது. எதை ஆரம்பித்தாலும் முடிகிற இடத்தில் ஒரு சாய்கோடு போட்டு மூடிவிட வேண்டும், அவ்வளவுதான். "இது நம்ம ப்ரூஃப் திருத்தற மாதிரியே இருக்கே, நாங்களும் ஓரத்தில இப்படித்தான் குறிச்சுக் குடுப்போம்" என்றேன். "ஹௌது அத்தே, நீங்க இதை முந்தியே தெரிஞ்சு வெச்சிருக்கீங்க" என்று அவளும் உசுப்பேற்றினாள். அந்த மிதப்பில் நானே முழுப் பத்திரிகையையும் அடித்து, இரு வீட்டார் பெயர்களும் இடமும் வலமும் எதிரெதிராக நிற்கும்படி ஸ்பேஸ் பாரை டொக்கு டொக்கு என்று தட்டி, அங்கங்கே என்டர் தட்டி வரி இறக்கி, அழகாக அமைத்து வைத்தேன். பிரவுசரில் திறந்து பார்த்தால், எல்லாரும் ஒரே வரியில் நெருக்கியடித்துக்கொண்டு, சந்தைக்குப் போகிற டெம்போவில் நிற்கிற மாதிரி நின்றார்கள். உன் மாமனார் பெயரும் உன் அப்பா பெயரும் இடித்துக்கொண்டிருந்தன.

"ஏன் கண்ணு, இது என்ன அநியாயம்? நான் இத்தனை இடம் விட்டேனே, எல்லாம் எங்க போச்சு?"

"அது தின்னுபிடும் அத்தே. நீங்க எத்தனை ஸ்பேஸ் தட்டினாலும் ஒண்ணுன்னுதான் எடுத்துக்கும். என்டரும் அப்படித்தான். வரி இறங்கணும்னா இறங்குன்னு எழுதிச் சொல்லணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுத்துக் கோர்க்கிறவளுக்கு எழுத்தைவிட இடம் விடுவதுதான் பெரிய வித்தை. அதைப் போய்த் தின்கிறது என்றால்? ஆனால் வீட்டுக்கு வந்து சப்பாத்தி தேய்க்கும்போது யோசித்தேன், இது கம்ப்யூட்டரின் குணம் மட்டும் இல்லை, உன் அப்பாவின் குணமும்தான். கல்யாணமான புதிதில் எனக்கு ஏதாவது வருத்தமென்றால் பேசாமல் இருப்பேன். எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறேனோ அவ்வளவு பெரிய வருத்தம் என்று அவர் புரிந்துகொள்வார் என்று எண்ணம். அவர் அதை ஒரு ஸ்பேஸாக எடுத்துக்கொண்டு, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்பார். நீயும் அவர் பிள்ளை, அதனால் சொல்கிறேன். சுமா உம்மென்று இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதே, என்னவென்று கேள். உனக்கு மனசில் ஏதாவது இருந்தால் அதை வாயைத் திறந்து சொல். இன்றைக்கும் நான் உன் அப்பாவிடம், "எனக்குக் கோபம், இன்ன காரணம்" என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லித்தான் வண்டி ஓடுகிறது.

இதற்கு நடுவில் கொள்ளேகாலிலிருந்து உன் பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு அண்ணன், நம் குடும்பத்தில் மூத்தவர், பத்திரிகையில் அழைக்கிறவராக முதலில் வர வேண்டிய பெயர் அவருடையது. பேப்பரில் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரிலாவது பத்திரிகை இருக்கிறது என்று பெருமையாகத் திறந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஏனம்மா, சம்பந்தி பேரு, மாப்பிள்ளை பேரு, கல்யாண மண்டபத்து பேரு எல்லாம் கொழுகொழுன்னு இருக்குது. என்ற பேரை மட்டும் ஏன் இப்படி நோஞ்சானாப் போட்டிருக்கே?" நடந்தது இதுதான்: உங்கள் இருவர் பெயருக்காகத் தடித்த எழுத்தைத் திறந்துவிட்டவள், மூட மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த எல்லாமே, கடைசியில் உள்ள பஸ் ரூட் நம்பர் வரைக்கும், தடித்துவிட்டன. மேலே இருந்த பெரியப்பா மட்டும் மெலிந்து நின்றார். "நான் வேணும்னு பண்ணலைங்க மாமா, மூட மறந்துட்டேன்" என்றால், "என்னத்தை மூட மறந்தே, கதவையா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். சுமா அவசரமாக உட்கார்ந்து, அவர் பெயருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, உங்கள் பெயருக்குப் பின்னால் ஒன்று என்று தட்டி, "தொட்டப்பா, ஈவாக நோடி, இப்ப பாருங்க" என்றாள். பெரியப்பா குனிந்து பார்த்தார். இப்போது அவர் கொழுகொழு, பஸ் ரூட் ஒல்லி. "அடேயப்பா, இதுக்குத் திரும்ப அடிக்க வேண்டியதில்லையா? இது தேவலையே" என்று உட்கார்ந்து காபி கேட்டார்.

நீ சண்டைக்குப் பயந்துதானே பத்திரிகை வேண்டாம் என்றாய்? உன் கல்யாணத்தன்று பொழுது விடிகிற முன்னால் மண்டபத்துக்கு வந்து, காய்கறி மூட்டையை எண்ணி வாங்கி வைத்து, கடைசிப் பந்தி வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றது யார் என்று யோசித்துப் பார். பெயருக்குச் சண்டை போட்ட அதே மனிதர்தான். இத்தனை வருஷம் இந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்தது இது. தன் பெயர் எங்கே என்று கேட்டுச் சண்டைக்கு வருகிறவர், அந்தக் கல்யாணம் தன்னுடையது என்று நினைக்கிறவர். எப்படிப் போட்டாலும் சரி என்கிறவர், மொய் கவரை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவார். உன் வீட்டிலும் நாளைக்கு இப்படி யாராவது முறைத்துக்கொண்டு வந்தால் விரட்டிவிடாதே, ஒரு காபி கொடு.

ஒரு வழியாகப் பக்கம் முடிந்தது. தலைப்பில் பிள்ளையார் படம், அதற்குக் கீழே என் தமிழ், அதற்குக் கீழே சுமா பார்த்துச் சொன்ன கன்னடம், இரண்டும் நம் கடையின் மிக அழகான எழுத்தில். ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு இருவரும் பிரவுசிங் சென்டருக்குப் போய் உனக்கு அனுப்பினோம். திரும்பி வரும்போது மசால் தோசை சாப்பிட்டோம், வெற்றிக் களிப்பில் நான் இரண்டு சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. "அம்மா, கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்கே. ஆனா இங்க பிள்ளையார் மட்டும்தான் தெரியுறார். மத்ததெல்லாம் கொம்பு வெச்ச இங்கிலீஷ் எழுத்தா, ஒரே கிறுக்கலா இருக்கு. விடும்மா, நானே இங்கிலீஷ்ல போட்டுடறேன்." வாதாட ஒன்றும் இல்லை, பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டவள் நான்தானே. "அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறு கண்ணு" என்று மட்டும் கெஞ்சினேன். நீ பொறுத்தாய், அதற்கு உனக்குக் கோடி புண்ணியம்.

அன்றைக்குச் சுமாவைப் பார்க்க வேண்டும், என்னைவிட அவள்தான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். "நன் தப்பு அத்தே, நானே யோசிச்சிருக்கணும்" என்றாள். விஷயம் இதுதான். பத்திரிகை அடித்தால் எழுத்து காகிதத்தோடு போய்விடும், யார் வாங்கினாலும் படிக்கலாம். கம்ப்யூட்டரிலோ எழுத்தின் உருவம் நம் கடைப் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. உன் பெட்டியில் அந்தத் தமிழ் எழுத்தும் இல்லை, கன்னட எழுத்தும் இல்லை, அதனால் அது தனக்குத் தெரிந்ததைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. "எழுத்தையும் சேத்து அவனுக்கு அனுப்பிட்டா?" என்று கேட்டேன். "அவருக்கு அனுப்பலாம். பக்கத்தைப் பாக்கற எல்லாரும் தங்க மெஷின்ல அதைப் போடணுமே அத்தே. பேசாம இங்கிலீஷ்லயே எழுதிடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் முடியாது என்றேன். மெஷின் பக்கத்திலிருந்து உன் அப்பா, இத்தனை நாளும் இந்த விஷயத்தில் வாயே திறக்காத மனுஷன், "பிள்ளையார் மட்டும் எப்படிப் போனாரு?" என்று கேட்டார்.

நானும் சுமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளையார் படமாகப் போனார்! எழுத்தாகப் போனால்தானே கிறுக்கல், முழுப் பத்திரிகையும் படமாகவே போனால்? படம் வேண்டுமென்றால் பத்திரிகை வேண்டும். பத்திரிகை வேண்டுமென்றால் அடித்தாக வேண்டும். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே உன் அப்பா எழுந்துவிட்டார். ஒரே ஒரு பத்திரிகைக்கு யாராவது அச்சு பிளேட் போடுவார்களா? அவர் போட்டார். அலமாரியில் ஒளித்து வைத்திருந்த கனத்த அட்டையை எடுத்தார், குங்கும நிறத்து மையை அவரே கலந்தார், நான் உனக்கென்று பிடித்து வைத்திருந்த மாவிலை பார்டரைச் சுற்றிலும் ஓட்டினார். மெஷினிலிருந்து அது வந்து விழுந்தபோது மூன்று பேரும் குழந்தையை வாங்குகிற மாதிரி கையை நீட்டினோம். மை காய்ந்ததும் நான் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். "ஸ்கேன் பண்ணினா தெரியுமா?" என்று அப்பாவுக்குச் சந்தேகம், தெரியும் என்றாள் சுமா. ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து வாங்கி, நோட்பேடைத் திறந்து, படத்தைக் கொண்டு வருகிற வரியை நானே யார் உதவியும் இல்லாமல் எழுதினேன். படத்தைப் பக்கத்தின் நடுவில் நிற்க வைத்தேன். மூட வேண்டியதை எல்லாம் மூடி, உனக்கு அனுப்பிவிட்டோம். பிளேட் போட்டது போட்டாகிவிட்டது, வீணாக்குவானேன் என்று அப்பா மறுநாள் ஊராருக்கும் சேர்த்து அடித்துத் தள்ளிவிட்டார். நீ வந்து இறங்கியதும் வீட்டில் கட்டுக்கட்டாகப் பத்திரிகையைப் பார்த்து முறைத்தாயே, அதன் கதை இதுதான்.

அந்த ஞாயிறு நீ கூப்பிட்டாய். "மேலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சும்மா. முதல்ல மஞ்சள், அப்புறம் பிள்ளையார், அப்புறம் பெரியப்பா" என்றாய். பிறகு, "போட்டுட்டேன், போய்ப் பாருங்க" என்று வைத்துவிட்டாய். சுமாவும் நானும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். எங்களுக்கும் அப்படித்தான் இறங்கியது, ஒவ்வொரு வரியாக, பக்கத்து சீட்டுக்காரர்கூட எட்டிப் பார்க்கிற அளவுக்கு மெதுவாக. சொன்ன சொல் தவறாமல் நீ எதையும் மாற்றவில்லை. ஆனால் படம் முழுக்க இறங்கின பிறகு, நான் எழுதாத ஒரு வரி கீழே இருந்தது. இங்கிலீஷில் இருந்தது. எனக்கு அந்த வேகத்தில் படிக்க வராது என்று சுமா படித்துச் சொன்னாள்: இந்தப் பக்கத்தை உருவாக்கியவர் என் அம்மா என்று எழுதி, என் பெயரைப் போட்டிருந்தாய்.

கண்ணு, எத்தனையோ ஆயிரம் பேரின் பெயரைக் கோர்த்திருக்கிறேன். பத்திரிகையின் முதுகில் சின்னதாகக் கடையின் பெயர் வரும், அதுவும் சாமி பெயர். என் பெயரை அச்சு எழுத்தாக ஒரு பக்கத்தின் கீழே நான் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அந்த பிரவுசிங் சென்டரில் எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதேன், சுமாவும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீ கேட்டாயே எப்போது ஒட்டிக்கொண்டோம் என்று, அப்போதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நீ பெரிய கம்ப்யூட்டர் என்ஜினியர், ஆனால் அந்த வரிக்கு சென்டர் போட மறந்திருந்தாய். பக்கம் முழுக்க நடுவில் அழகாக நிற்க, என் பெயர் மட்டும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "சரி பண்ணச் சொல்லட்டுமா அத்தே?" என்று சுமா கேட்டாள். ப்ரூஃபில் ஒரு புள்ளி நகர்ந்தாலும் விடாதவள் நான். அதை அப்படியே விடச் சொன்னேன்.

அம்மா